லைக் குவிகிறது, புத்தகம் நகரவில்லை: பள்ளி நூலகம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துவதோடு நூலகத்தையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். நூலகத்துக்குச் சமூக ஊடகக் கணக்கு தொடங்கும்படி தலைமையாசிரியர் சொல்கிறார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் என எல்லாவற்றிலும் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தனியாளாக நடத்துகிறவருக்கு ஒன்றே அதிகம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது யாருடைய கண்ணில் பட வேண்டும் என்பதைப் பொறுத்தது. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கே இருக்கவே கூடாதவர்கள். அப்படியானால் உங்கள் பதிவைப் படிக்கப்போவது பெற்றோரும் சக ஆசிரியர்களும்தான். அவர்களுக்கு வாட்ஸ்அப் சேனல் (நீங்கள் பதிவிட, மற்றவர்கள் பின்தொடர்ந்து படிக்க மட்டும் செய்யும் வசதி) போதும். பெரிய வகுப்புகள் இருக்கும் பள்ளியானால் இன்ஸ்டாகிராமைப் பிறகு யோசிக்கலாம்.

குழு தொடங்காமல் சேனல் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் புத்தகம் காணாமல் போய்விடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினேன், யாருக்குமே வரவில்லையாம்" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது. சேனலில் இந்தத் தொல்லைகள் இல்லை. பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. ஆனால் சேனலின் அறிவிப்பு ஒலி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். சேனலில் சேர்ந்ததும் மணிக் குறியைத் தொட்டு அதை இயக்கும்படி பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். சேனலின் க்யூஆர் குறியை நூலகக் கதவிலும், புத்தகத்துக்குள் திருப்பித் தரும் தேதி எழுதும் தாளிலும் ஒட்டலாம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத அளவில் அச்சிட்டு, ஒட்டுவதற்கு முன் இரண்டு மூன்று போன்களில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வந்த நாற்பது புத்தகங்களின் அட்டைகளை ஒரே படமாக அடுக்கிப் போட்டோம். லைக் நிறைய வந்தது. யாரும் புத்தகம் கேட்டு வரவில்லை. ஏன்?

பதில்: ஒரே படத்தில் நாற்பது அட்டைகள் இருந்தால் போன் திரையில் ஒரு தலைப்பைக்கூடப் படிக்க முடியாது. பார்த்தவர் உங்கள் உழைப்புக்கு ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு பதிவுக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு பதிவு போதும்; நாற்பது புத்தகங்களை வைத்து இருபது வாரம் ஓட்டலாம்.

பதிவில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: புத்தகம் எதைப் பற்றியது, யாருக்குப் பிடிக்கும், எந்த அடுக்கில் இருக்கிறது, எத்தனை பிரதி உண்டு. கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "மூன்றாவது அலமாரி, மேல்தட்டு, பச்சை ஒட்டு, இரண்டு பிரதி" என்று எழுதியிருந்தால் மாணவர் நேராகப் போய் எடுப்பார். பிரதி ஒன்றுதான் என்றால் முன்பதிவுத் தாள் ஒன்றை மேசையில் வைத்த பிறகே பதிவிடுங்கள். பதிவைப் பார்த்து ஓடிவந்து "இல்லை" என்ற பதிலோடு திரும்பும் பிள்ளை அடுத்த பதிவை நம்பாது. பதிவேட்டில் ஏற்றாத, ஒட்டுத்தாள் ஒட்டாத புத்தகத்தை விளம்பரப்படுத்துவதும் இதே வினையைத்தான் கொண்டுவரும்.

"அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். அந்த வரியை எந்தப் புத்தகத்துக்கும் எழுதிவிடலாம். "கிணற்றுக்குள் இருந்து யாரோ விசில் அடிக்கிறார்கள். ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றி வருடக்கணக்காகிறது" என்பதுபோல் கதையின் முடிச்சோடு தொடங்குங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே வெளியே தெரியும், மற்றவை மடிந்துகொள்ளும். பள்ளியின் பெயரையும் வாழ்த்துகளையும் அங்கே போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். இணைப்பு முகவரியைப் படத்தின் கீழ் எழுதினாலும் பயனில்லை. இன்ஸ்டாகிராமில் அதைத் தொட்டால் திறக்காது. கணக்கின் முகப்புக் குறிப்பில்தான் போட வேண்டும்.

படம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நூலகப் புத்தகங்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்போம். ஃபிளாஷ் அடித்தால் அட்டை முழுவதும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, அட்டையைச் சற்றே சாய்த்து எடுங்கள். 1080-க்கு 1350 பிக்சல் அளவில் நெடுக்காக வெட்டினால் சதுரப் படத்தைவிடத் திரையில் அதிக இடம் பிடிக்கும். படத்தின் மேல் எழுதுவதானால் ஏழெட்டுச் சொற்களோடு நிறுத்துங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரிவரப் படிக்காமல் போகலாம், ஆகவே அதே செய்தியை எழுத்தாகவும் கீழே தாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் புத்தகம் படிக்கும் படங்களைப் போடலாமா? சேர்க்கைப் படிவத்திலேயே பெற்றோரிடம் பொது ஒப்புதல் வாங்கியிருக்கிறோம்.

பதில்: அதை நம்பிப் போடாதீர்கள். படம், பெயர், குரல் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, எந்தத் தளத்தில் வெளியாகும் என்று குறிப்பிட்டு, ஆண்டுதோறும் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் பதிவை நீக்கலாம். ஆனால் அதற்குள் பிறர் சேமித்துக்கொண்டதை யாராலும் நீக்க முடியாது. இதைப் படிவத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

முகமே இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம்: புத்தகத்தைப் பிடித்த கைகள், பின்னாலிருந்து எடுத்த கூட்டம், பிள்ளை வரைந்த அட்டைப்படம். வெளியிடும் முன் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டையில் பெயர் வில்லை, பலகையில் கால அட்டவணை, மேசையில் திறந்து கிடக்கும் இரவல் பதிவேடு இவைதான் கண்ணில் படாமல் தப்பிப்பவை. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் பட்டியலைப் பதிவிடுவது எக்காரணத்துக்காகவும் கூடாது.

கேள்வி: கதைப் புத்தகத்தை முழுவதும் வாசித்து வீடியோவாகப் போடலாமா? ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டுவிடுகிறோம்.

பதில்: பெயர் குறிப்பிடுவது மரியாதைதான், அனுமதி ஆகாது. பதிப்புரிமை உள்ள நூலை முழுவதும் வாசித்து வெளியிட, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரின் (ஆசிரியர் அல்லது பதிப்பகம்) எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. படக்கதைப் பக்கங்களைக் காட்டுவதற்கும் அப்படியே. கதையை உங்கள் சொற்களில் ஒரு நிமிடம் அறிமுகப்படுத்தி, முடிச்சில் நிறுத்துவதுதான் எங்கள் யோசனை. முழுக் கதையும் போனிலேயே கிடைத்துவிட்டால் நூலகத்துக்கு ஏன் வருவார்கள்? பின்னணியில் சினிமாப் பாட்டும் வேண்டாம். உரிமைச் சிக்கல் வந்தால் ஒலி முடக்கப்பட்டு, உங்கள் பேச்சும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: பலன் இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: இரவல் பதிவேட்டைக் கொண்டுதான். பதிவிட்ட புத்தகம் முந்தைய மூன்று வாரத்தில் எத்தனை முறை வெளியே போனது, பிந்தைய மூன்று வாரத்தில் எத்தனை முறை என்று குறியுங்கள். பதிவிடாத, அதே வகைப் புத்தகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கணக்கெடுத்தால், பதிவால் கூடியதா, பொதுவாகவே கூடிய காலமா என்பது புரியும். தேர்வு வாரங்களை விட்டுவிடுங்கள். தளம் காட்டும் எண்களில் லைக்கைவிட சேமிப்பும் பகிர்வும் பொருட்படுத்தத் தக்கவை. பத்துப் புத்தகம் வரை இப்படிப் பார்த்தும் அசைவில்லை என்றால் பதிவு நேரத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு நூலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இரண்டாவதில்தான் இருக்கும்.

கேள்வி: கணக்கைத் தொடங்கிய ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். கடவுச்சொல் யாரிடமும் இல்லை.

பதில்: முதலில் அவரையே தொடர்புகொண்டு, கணக்கின் மின்னஞ்சலையும் எண்ணையும் பள்ளிக்குரியதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் புதுக் கணக்கு தொடங்கி, பழையதை நம்ப வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இனி எந்தக் கணக்கும் பள்ளி மின்னஞ்சலிலும் பள்ளிக்குரிய சிம்மிலும் இருக்கட்டும். நிர்வாகிகள் குறைந்தது இருவர் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதி) இயக்கி, கணக்குக்குள் நுழைய முடியாதபோது உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அலுவலக பீரோவில் வையுங்கள். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், தலைமையாசிரியர் பெயரில் கேட்டாலும், சொல்லக் கூடாது.