ஆங்கிலக் கட்டுரையில் 'தி' (the) எங்கே வரும்?

பள்ளி முழுக்கத் தமிழ் வழி, இப்போது ஆங்கில வழியில் முதுகலை, வகுப்பு புரிகிறது, கட்டுரை மட்டும் சிவப்பு மையோடு திரும்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், நானும் அந்த வழியில் வந்தவன்தான். நீங்கள் இட்ட பத்தியில் பாதித் தவறு 'எ' (a), 'தி' (the) என்ற இரண்டு ஆங்கிலச் சிறுசொற்களில்தான். தமிழில் 'தி'க்கு நேர்ச்சொல் கிடையாது, அதனால் விட்டுப்போவது தெரிவதே இல்லை. எண்ணக்கூடிய ஒரு பொருளை முதன்முறை சொன்னால் 'எ'. எது என்று வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தால் 'தி'. அப்புறம், 'எவிடென்ஸ்' (சான்று), 'இன்ஃபர்மேஷன்' (தகவல்) போன்றவை ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை, அவற்றைப் பன்மையாக்காதீர்கள், முன்னால் 'எ'வும் வேண்டாம். சொல்வளத்துக்கு ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டில் (கல்வித்துறை எழுத்தில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல்) தொடங்குங்கள், 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் ஒரு குடும்பம்). மனப்பாடம் வேண்டாம், உங்கள் துறைக் கட்டுரையில் அந்தப் பட்டியலில் உள்ள சொல் வரும் வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுதுங்கள். அடுத்த கட்டுரையையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.