பாதிரி மரமா, பாதிரியாரா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் மகனிடம் யாரோ, திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரே வெள்ளைக்காரப் பாதிரியார்களால் வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றேன், ஆனால் விளக்கத் தெரியவில்லை. பாட்னாவின் பழைய பெயரும் நம் ஊர்ப் பெயரும் ஒன்று என்கிறார்களே, அது உண்மையா?

- ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள அம்மா,

நீங்கள் இல்லை என்றது சரி. பாதிரியார் என்ற சொல் போர்த்துகீசியரின் ‘பாத்ரே’யிலிருந்து வந்தது. அவர்கள் கடல்வழியாக இந்தியாவுக்கு வந்ததே 1498இல்தான். அப்பர் ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்’ என்று பாடியது ஏழாம் நூற்றாண்டில். அந்தப் பாட்டிலேயே ‘திருப்பாதிரிப்புலியூர்த் தோன்றாத் துணை’ என்று ஊர்ப் பெயர் முழுசாக இருக்கிறது. பையனிடம் இந்த ஒன்றைக் காட்டினால் போதும்.

பாதிரி ஒரு மரம். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் அதுதான். குறுந்தொகையில் ‘வேனிற் பாதிரிக் கூன்மலர்’ என்று வருகிறது, கோடையில் பூக்கும், வளைந்த, மெல்லிய மயிர் படர்ந்த பூ. தலைவியின் மேனிக்கே அதை உவமை சொல்லியிருக்கிறார்கள். புலியூர் என்பதற்குக் கோயிலில் சொல்வது, புலியின் கால்களைப் பெற்ற முனிவர் இங்கே சிவனை வழிபட்டார் என்ற புலிக்கால் முனிவர் கதை, சிதம்பரத்துக்கும் அதே கதைதான்.

இனி பாட்னா. பாதிரிக்கு வடமொழியில் பாடலி. கங்கைக் கரையில் பாலி நூல்கள் பாடலிகாமம் என்று சொல்லும் சிற்றூர் வளர்ந்து பாடலிபுத்திரம் ஆனது, கிரேக்கர்கள் அதைப் பாலிபோத்ரா என்று எழுதினார்கள். நம்மவர்களுக்கும் அந்த நகரம் தெரிந்தே இருந்தது. அதே குறுந்தொகையில் 75ஆம் பாட்டு, யானைகள் சோணையாற்றில் (இன்றைய சோன் ஆறு) படியும் ‘பொன்மலி பாடலி’யைப் பேசுகிறது.

அப்புறம் நம் ஊருக்கும் பாடலிபுத்திரம் என்ற பெயர் இருந்தது. அப்பர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்ற பெயரில் சமணப் பள்ளியில் இருந்த ஊரைப் பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது, அதற்கும் முன்னால் 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலை முடித்த பாடலிகை என்ற ஊரும் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கிருந்து இங்கே பெயர் வந்ததா என்றால், என் எண்ணம் இது: பாதிரி இங்கேயும் வளர்ந்த மரம், ஊர்ப் பெயர் இந்த மண்ணின் பெயர், பாதிரியைப் பாடலி என்று தங்கள் மொழியில் சொன்ன சமணர்களுக்கு வடக்கே இருந்த பெருநகரம் நினைவுக்கு வந்து ‘புத்திரம்’ சேர்ந்திருக்கும். ஒரே மரம், இரண்டு ஊர், அவ்வளவுதான் உறவு, ஆனால் எவ்வளவு அழகான உறவு!

பஸ்ஸில் திருப்பாப்புலியூர் என்று சுருக்கிச் சொல்லும்போது அந்த மரம் காதில் விழாமலே போய்விடுகிறது, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். சித்திரையில் மகனைக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், பிரகாரத்தில் பூ விழுந்து கிடந்தால் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.