சிசேரியனும் முதுகில் போடும் ஊசியும்: கேள்வி-பதில்

ஸ்பைனலுக்கு (இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசிக்கு) உட்கார வைப்பதா, படுக்க வைப்பதா? எது சிறந்தது?

உடல் எடை, வலி வந்துவிட்டதா, எவ்வளவு அவசரம்... எதையும் எழுதாமல் 'எது சிறந்தது' என்றால் எப்படிச் சொல்வது? பருமனானவர்களுக்கு உட்கார்ந்தால் முதுகின் நடுக்கோடு எளிதாகப் பிடிபடும். குழந்தைக்கு முன்பே தொப்புள்கொடி இறங்கிவிட்டால் உட்கார வைக்கவே கூடாது. உட்கார வைத்துப் போட்டால், ஊசியை எடுத்ததும் தாமதிக்காமல் படுக்க வையுங்கள். இல்லையென்றால், தண்டுவட நீரைவிடக் கனமான மருந்து கீழேயே தங்கிவிடும்.

இவ்வளவு பெரிய வயிற்றோடு எப்படிக் குனிவது? பயமாக இருக்கிறது.

இடுப்பை மடக்கி முன்னால் சாய வேண்டாம், அதனால் பயனில்லை. பாதங்களை ஸ்டூலில் வைத்துக்கொள்ளுங்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு தோள்களைத் தளர விடுங்கள். முகவாய் நெஞ்சைத் தொடட்டும். அப்புறம் கீழ் முதுகை மட்டும் டாக்டர் பக்கம் வெளியே தள்ளுங்கள். படுத்த நிலை என்றால் இறால் மாதிரி சுருண்டால் போதும். வலி வந்தால் சொல்லுங்கள், காத்திருப்போம். சொல்லாமல் மட்டும் அசையாதீர்கள்.

ஊசி தண்டுவடத்தில் பட்டுவிடாதா?

தண்டுவடம் பெரும்பாலும் முதல் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். ஊசி போடுவது மூன்றாவதுக்குக் கீழே. (பயிற்சி டாக்டர்களுக்கு: கர்ப்பிணிகளில் கையால் தடவிக் கணக்கிடும் இடம் ஒரு படி மேலே போய்விடுவதுண்டு. சந்தேகம் இருந்தால் கீழே இறங்குங்கள்.)

பிரஷர் நார்மலாக இருக்கும்போது தாயை இடதுபக்கம் சாய்த்து வைப்பது அவசியமா? தியேட்டரில் அவசரத்தில் விட்டுப்போகிறது. - செவிலியர்

அவசியம். எத்தனை முறை எழுதினாலும் விட்டுப்போவது இதுதான். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரை முதுகெலும்புக்குச் சற்று வலப்பக்கம் ஓடுகிறது. மல்லாந்து படுத்தால் நிறைமாதக் கருப்பை அதன்மேல் ஏறி உட்காரும். ஸ்பைனலுக்கு முன்பு உடல் ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளித்துவிடும். ஊசி போட்டபின் கீழ்ப்பாதி உடலில் அந்த இறுக்கம் போய்விடுகிறது. அதனால்தான் சற்றுமுன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிறிப்போகிறார். கையில் கட்டிய பட்டை நார்மல் காட்டும்போதே கருப்பைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கலாம். அங்கே பாதிக்கப்படுவது குழந்தை.

நூல்கள் சொல்வது 15 டிகிரி. கண்ணளவில் சாய்த்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வலது இடுப்புக்கு அடியில் துணிச் சுருளை வைத்தால், சிறுநீர்க் குழாய் போடும்போது அதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க மறக்கிறார்கள். துணி விரிக்கும் முன் ஒருவர் வாய்விட்டுக் கேளுங்கள்: "சாய்வு இருக்கிறதா?" குழந்தை வெளியே வரும்வரை அது இருக்க வேண்டும். இன்னொன்று: தாய் "வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது" என்றால் வாந்தி ஊசியைத் தேடாதீர்கள். முதலில் பிரஷரைப் பாருங்கள், சாய்வைப் பாருங்கள்.

ஸ்பைனலுக்குப் பின் தலைவலி வராமலிருக்க 24 மணி நேரம் தலையணை இல்லாமல் படுக்க வேண்டுமா?

வேண்டாம். படுத்துக் கிடப்பதால் அந்தத் தலைவலி தடைபடாது. பென்சில் முனை கொண்ட மெல்லிய ஊசிதான் அதைக் குறைக்கும். உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் மயக்க டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.