துடிக்கும் வால், உறிஞ்சும் துதிக்கை

கேள்வி: கதவிடுக்கில் சிக்கிய பல்லியின் வால் தனியே கிடந்து துடித்தது. ரத்தமே இல்லையே, எப்படி?

பதில்: கதவு வெட்டியதல்ல, பல்லியே கழற்றிவிட்டது. வாலின் அடிப்பகுதியைத் தவிர்த்து, மற்ற முள்ளெலும்புகளின் குறுக்கே மெல்லிய பிளவுக்கோடு பிறவியிலேயே உண்டு. ஆபத்தில் வால் தசைகள் இறுக, எலும்பு அந்தக் கோட்டில் பிரியும். உடனே ரத்தக்குழாயைச் சுற்றிய தசை வளையம் சுருங்கி அடைத்துக்கொள்ளும். கீழே கிடக்கும் துண்டின் முனையை உற்றுப் பாருங்கள்: தட்டையாக இருக்காது, சதை இதழ் இதழாக நீட்டியிருக்கும். தண்டுவடத்தில் மிஞ்சிய நரம்புகளால் அது சில நிமிடம் துள்ளும். பூனையின் கண் அதன்மேல் போகும், பல்லி தப்பிவிடும்.

ஆனால் இழப்பு பெரிது. வாலில்தான் கொழுப்புச் சேமிப்பு. சில வாரங்களில் புது வால் வளர்ந்தாலும் உள்ளே எலும்பு இராது, குருத்தெலும்புக் குழல்தான். அதில் பிளவுக்கோடும் இல்லை. அடுத்த முறை இன்னும் மேலேதான் கழற்ற முடியும். பாதி மட்டும் முறிந்தால் சில சமயம் இரட்டை வால் முளைக்கும். எனவே பல்லியை வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். டப்பாவால் மூடி, அடியில் அட்டையை நுழைத்து வெளியே விடுங்கள்.

கேள்வி: யானை துதிக்கையால் குடிக்கிறதா?

பதில்: இல்லை. துதிக்கை மூக்கும் மேலுதடும் சேர்ந்தது. அதில் நீரை உறிஞ்சி, வாய்க்குள் ஊற்றிக்கொள்கிறது. நம் ஆசிய யானைக்குத் துதிக்கை நுனியில் விரல் போன்ற நீட்சி 1, ஆப்பிரிக்க யானைக்கு 2.