டயாலிசிஸ் வீண் செலவா?

கேள்வி: குணமாகவே போகாத கிட்னி நோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச டயாலிசிஸ் தருகிறார்கள். கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்காக நம் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? அந்தப் பணத்தில் நாலு பள்ளிக்கூடம் கட்டலாமே?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: உங்கள் கேள்வியை ஓர் ஊர் அறுபது வருடங்களுக்கு முன்பே கேட்டுப் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில். 1960-களின் தொடக்கத்தில் அங்கே கிட்னிக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கமிட்டியாகப் போட்டார்கள். பாதிரியார், வக்கீல், வங்கிக்காரர், ஒரு குடும்பத்தலைவி என்று எல்லோரும் நல்லவர்கள்தான். கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், வருமானம் எவ்வளவு, சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து ஆள் எடுத்தார்கள். எடுக்கப்படாதவர்கள் செத்துப்போனார்கள். 1962-ல் இது பத்திரிகையில் வந்ததும் நாடே பதறியது. பத்து வருடம் கழித்து, 1972-ல், டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது. நீங்கள் சொல்கிறபடி செய்தால் நமக்கும் அப்படி ஒரு கமிட்டி வேண்டும். அதில் உட்கார எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வராது என்றே நம்புகிறேன்.

செலவு பெரிது, அதை மறுக்கவில்லை. 2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி ஒரு கணக்குச் சொன்னார். வருடத்துக்கு 2.2 லட்சம் புது நோயாளிகள். ஒருவருக்கு வாரம் மூன்று முறை என்றால் வருடத்துக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவை. ஒரு தடவைக்கு சுமார் 2,000 ரூபாய். அதாவது ஓர் ஆளுக்கு வருடம் 3 லட்சத்துக்கு மேல். எந்த அரசுக்கும் இது பாரம்தான். ஆனால் கிட்னி முழுக்கச் செயலிழந்தவருக்கு இதை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் உயிர் போய்விடும். பள்ளிக்கூடக் கட்டடம் ஒரு வருடம் பொறுக்கும்.

அப்புறம் அந்த 'கண்டதையும் தின்று' என்ற பேச்சு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் முக்கியக் காரணங்கள், சரி. ஆனால் கிட்னி நோய் எல்லாமே நாக்கு ருசியால் வருவதில்லை. பரம்பரையாகக் கிட்னியில் நீர்க்கட்டி வருபவர்கள் இருக்கிறார்கள். மூட்டு வலிக்கு வருடக்கணக்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே, வெயிலில் வேலை பார்க்கும் விவசாயக் கூலிகளுக்குக் கிட்னி கெடுவதைத் தமிழ்நாட்டு டாக்டர்களே பார்த்து வருகிறார்கள். இவர்கள் தின்று கெட்டவர்கள் இல்லை.

'இலவசம்' என்கிறீர்களே, எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டயாலிசிஸுக்குக் காசு வாங்குவதில்லை, உண்மைதான். வாரம் இரண்டு நாள், விடிவதற்கு முன் முதல் பஸ். கூடவே மனைவி. நாலு மணி நேரம் மிஷினில் படுத்து எழுந்தால் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கத் தெம்பு இருக்காது. இரண்டு பேருக்கும் அன்றைய வருமானம் போச்சு. பஸ் காசு, வெளியில் சாப்பாடு, ரத்தம் ஏற ஊசி எழுதிக் கொடுத்து அது ஆஸ்பத்திரியில் இல்லாத நாட்களில் வெளியே வாங்கும் செலவு. மனைவியின் தோடு அடகில் இருக்கிறது. அரசு ஒரு பங்கு கொடுத்தால் அந்தக் குடும்பமும் ஒரு பங்கு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் பணம் தப்பான இடத்தில் போகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். கிட்னி பெரும்பகுதி கெடும்வரை வெளியே தெரியாது. 'உப்பு கூடிவிட்டது', அதாவது ரத்தத்தில் கழிவு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்போது பலருக்கும் காலம் கடந்திருக்கும். அதைச் சில வருடங்கள் முன்பே காட்டிக் கொடுக்க, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்ற சின்னச் சோதனை போதும். கிட்னி நிபுணர் டாக்டர் எம்.கே.மணி வழிநடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்து காட்டியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, சிறுநீரும் பிரஷரும் பார்க்கச் சொன்னார்கள். விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார்கள். பலருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வந்தன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் தருகிறது. அந்த அண்ணனைப் போல பஸ் ஏறி அலைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் தகுதியானவர்களுக்கெல்லாம் அது கிடைக்க வேண்டும்.

அந்த அண்ணன் பதினோரு வருடம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர். மாதம் தவறாமல் போய் வாங்குவார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் சிறுநீர்ச் சோதனை செய்யும்படி யாரும் சொல்லவில்லை. வரிப்பணத்தின் மேல் அக்கறை இருக்கும் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருபவர்களுக்கு வருடத்தில் ஒரு முறையாவது சிறுநீரில் புரதம் பார்க்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லை என்றால் அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.