பாலியின் சிடெமன் கிராமம் எப்படி இருக்கும்? போய்த் தங்கலாமா, நிலமும் வாங்கலாமா?

போய்த் தாராளமாகத் தங்கலாம். நிலம் விஷயத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் விற்பனை விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ‘ஃப்ரீஹோல்ட்’ (முழு உரிமை) விலை வெளிநாட்டவருக்கானதே இல்லை.

முதலில் ஊரைப் பற்றி. சிடெமன் பாலியின் கிழக்கே, கரங்கசெம் மாவட்டத்தில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து ஏறும் குறுகலான சாலை. அகுங் எரிமலைப் பக்கத்திலிருந்து மணல் ஏற்றி வரும் லாரிகளும் இந்தப் பகுதிச் சாலைகளில்தான் போகும், ஸ்கூட்டர் எடுப்பவர்கள் கவனம். உந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் படிப்படியாக நெல் வயல், வடக்கே 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகுங். மலையைப் பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் எழுந்துவிடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். பிறகு அன்று முழுக்கத் தெரியாமலே போனாலும் போகும்.

கடற்கரை இல்லை. இரவு வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். கூட்டா, சாங்கு மாதிரி கடற்கரைக் கேளிக்கை ஊர்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் முதல் நாள் சொக்கிப் போவார்கள், மூன்றாம் நாள் "அப்புறம் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வராதவர்களுக்கான ஊர் இது. ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ், பாலியின் கலை ஊரான உபுதில் தன்னைத் தேடி வந்த கூட்டம் தாங்காமல், 1937-ல் இதே மலைச்சரிவில் இருக்கும் இசே என்ற ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். உபுது நெரிசலாகிவிட்டது என்ற புலம்பல் அப்போதே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

நெசவைத் தவறவிடாதீர்கள். ஊரில் நடந்து போனாலே தறிச் சத்தம் கேட்கும். இரண்டு வகைத் துணி. எந்தெக் என்பது ஊடை நூலை முன்பே கட்டிச் சாயம் தோய்த்து, நெய்யும்போது உருவம் வர வைப்பது. சொங்கெட் என்பது ஜரிகை சேர்த்து நெய்வது. திருமணத்துக்கும் கோயில் சடங்குக்கும் உடுத்துவார்கள். சொங்கெட்டை இன்றும் பெண்கள் தரையில் உட்கார்ந்து, இடுப்போடு பிணைத்த தறியில் நெய்கிறார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். விலையைக் கேட்டுத் திகைக்கும் முன் அந்தப் பெண் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பத்து நிமிடம் பாருங்கள், பேரம் பேச மனசு வராது. 2021-லிருந்து செவ்வாய்க்கிழமைகளில் எந்தெக் உடுத்த வேண்டும் என்று பாலி ஆளுநர் சுற்றறிக்கை விட்டார். அது உள்ளூர்த் தறிகளுக்குப் பிழைப்பு.

சுற்றுப்புறத்தில் தென்னங்கள்ளைக் காய்ச்சி அராக் வடிப்பதும் பரம்பரைத் தொழில். 2020-ல் வந்த ஆளுநர் விதிமுறைக்குப் பிறகு அது வெளிப்படையாக நடக்கிறது. குடிப்பவர்கள் முத்திரை ஒட்டிய பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். பெயர் தெரியாத பாட்டிலில் மெத்தனால் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு, தேங்காய் சேர்த்த காய்கறி எல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பலிலும் அரைத்த மசாலாவிலும் தெராசி என்ற இறால் விழுது போடுவார்கள். "தன்பா தெராசி", அதாவது தெராசி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஹோம்ஸ்டேக்களில் சொன்னால் தனியாக அரைத்துத் தருகிறார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

அமைதியான ஊர் என்று விளம்பரம் செய்வார்கள். அது பாதி உண்மை. சேவல் மூன்று மணிக்கே தொடங்கிவிடும், நாய்கள் தனிக் கச்சேரி. கோயில் திருவிழா பெரும்பாலும் பாலியின் 210 நாள் பஞ்சாங்கப்படி வரும். ஊரைச் சுற்றிக் கோயில்கள் ஏராளம் என்பதால் ஏதாவது ஒன்றில் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனக்குப் பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்குமா என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

சரி, நிலம்.

இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது ‘ஹக் மிலிக்’, அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். உள்ளூர்க்காரர் பெயரில் பத்திரம் போட்டுத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். நம் ஊர் பினாமிதான், வேறொன்றும் இல்லை. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ உரிமையை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் ஆண்டுதோறும் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டப்படி மூன்று வழி உண்டு. ஒன்று ‘ஹக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை: 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30. அதற்கு முறையான தங்கும் அனுமதி வேண்டும். 2022-ல் வந்த அமைச்சக ஆணைப்படி பாலியில் தனி வீடு 500 கோடி ருப்பியாவுக்குக் குறையக் கூடாது. அது இரண்டரைக் கோடி இந்திய ரூபாய்க்கு மேல். இன்னொன்று அந்நிய முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை எடுப்பது. நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ருப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காக யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

ஆக, சாதாரண மனிதருக்கு மிஞ்சுவது குத்தகை. பொதுவாக 25 அல்லது 30 ஆண்டு, மொத்தப் பணமும் முன்பணமாக. விலையை ‘ஓர் அரேவுக்கு, ஓர் ஆண்டுக்கு’ என்று சொல்வார்கள். ஓர் அரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஐந்து அரேவை 25 ஆண்டுக்கு எடுத்தால் சொன்ன விலையை 125-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இது வளரும் சொத்து இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கையிலிருப்பது குறைந்துகொண்டே வரும். நீட்டிப்புக்கு என்ன விலை, எப்படிக் கணக்கிடுவது என்று ஒப்பந்தத்தில் இப்போதே எழுதாவிட்டால், 25 ஆண்டு கழித்து உரிமையாளரின் பேரனோடு உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

சிடெமனில் இதைத் தாண்டியும் சிக்கல் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுப்பது அந்தக் காட்சிக்கு. காட்சியோ எதிரே இருப்பவரின் வயல். அவர் நாளை வில்லா கட்டினால் உங்கள் வராந்தாவிலிருந்து ஓட்டுக் கூரைதான் தெரியும். அவர் கட்டக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள், நீங்கள் கட்டலாம் என்றும் நினைப்பீர்கள். உங்களுக்கு முன்னால் குத்தகை எடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இந்த வயல்களெல்லாம் சுபாக் என்ற பாசன அமைப்பில் இணைந்தவை. மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் முறை வைத்து வரும். நடுவில் ஒரு வயலைத் தூர்த்துக் கட்டடம் போட்டால் கீழே இருப்பவருக்கு வாய்க்கால் அறுந்துவிடும். யுனெஸ்கோ 2012-ல் பாலியின் சுபாக் நிலக்காட்சியைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சிடெமன் அதற்குள் வரவில்லை. அந்தக் காவல் இங்கே இல்லை. மாவட்ட நில வகைப்பாட்டு வரைபடத்தில் விளைநிலமாகப் பச்சையில் குறித்த இடமா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். பச்சையென்றால், மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

நிலம் யாருடையது என்பதையும் விசாரியுங்கள். சில நிலம் கோயிலுக்குச் சொந்தம், சில மரபு வழக்கப்படி இயங்கும் ஊர்ச் சமூகத்துக்குச் சொந்தம், சில ஒரு முழுக் குடும்பத்துக்குப் பொது. பத்து வாரிசில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நோட்டரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவரின் நோட்டரி விற்பவருக்குத்தான் நோட்டரி. நிலச் சான்றிதழை அரசு நில அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம்.

எரிமலையும் சும்மா இருப்பதில்லை. 1963-ல் அகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் சாம்பலும் பாறையும் குழம்பாக இறங்குவது ஆற்றுப் பள்ளங்கள் வழியாகத்தான். ஆற்றோரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் யோசனை இதுதான்: ஜனவரியில் ஒரு மாதத்துக்கு வீடு வாடகைக்கு எடுங்கள். மழை கொட்டும், பாதை வழுக்கும், துணி காயாது. அப்போதும் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கப்புறமும் குத்தகை ஆசை இருந்தால், தரகரிடம் போகும் முன் ஊர்ப் பஞ்சாயத்து போன்ற பஞ்சாரின் தலைவரைப் போய்ப் பாருங்கள். வெளியூர்க்காரர் என்ன பங்கு கொடுக்க வேண்டும், சடங்கு நாளில் எந்த வழி அடைபடும், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதாக இருந்தால் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு. நீண்ட காலக் குத்தகைக்கு எந்த வகையில் அனுப்பலாம் என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு போங்கள்.