கடற்கொள்ளையர் சந்திப்பு: அழைப்பிதழுக்கு முன் ஓத அட்டவணை

கேள்வி: எங்கள் காஸ்ப்ளே (கதாபாத்திரங்கள்போல வேடமிட்டுக் கூடும்) குழுவில் சுமார் நாற்பது பேர். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை கடற்கரையில் கூடாரம் போட்டு, கடற்கொள்ளையர் வேடத்தில் ஒரு சந்திப்பு நடத்த ஆசை. புதையல் வேட்டை, வாள் சண்டை, இரவில் தீ மூட்டிப் பாட்டு என்று திட்டம். இதுவரை மண்டபத்தில்தான் நடத்தியிருக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: தேதியில்தான் முதல் கவனம். அனுமதியும் அழைப்பிதழும் பிறகு. அந்த வார இறுதிக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி. அதனால் சனிக்கிழமை நேரம் ஞாயிறன்று 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். நிலா வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறந்துவிட்டு, நள்ளிரவில் நனைந்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். கூடாரம் அதற்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

சாதாரண கூடார முளை மணலில் நிற்காது. பிற்பகல் கடல்காற்றில் பந்தல் துணி கப்பல் பாய்போல உப்பி முளையைப் பிடுங்கிவிடும். உறுதியான துணிப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்து இறுக்குங்கள். கயிறு சாய்வாக வெளியே வர ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட வேண்டும். செங்குத்தாக வந்தால் பை மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும்.

புதையல் வேட்டைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், எல்லோருக்கும் நினைவில் நிற்பது அதுதான். பெட்டியைப் பாசிக் கோட்டுக்கு மேலே, 30 செ.மீ. ஆழத்துக்குள் புதைத்தால் போதும். குழி முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது. ஈர மணல் சுவர் நிற்பதுபோல் தெரியும். காய்ந்ததும் சட்டென்று சரிந்து உள்ளே இருப்பவரை மூடிவிடும். இடத்தைக் குறிக்க போனின் ஜி.பி.எஸ். உதவாது, அது சில மீட்டர் தவறும். பாறை, விளக்குக் கம்பம் என நகராத இரண்டு அடையாளங்களிலிருந்து டேப்பால் அளந்து, இரண்டு தூரங்களையும் எழுதி வையுங்கள். வரைபடத்துக்கும் அதுவே அழகான புதிர். எத்தனை பெட்டி புதைத்தீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள். சாக்லேட் நாணயம் உருகும், மினுக்குத்தூள் மணலிலிருந்து திரும்ப வராது; இரண்டும் வேண்டாம்.

கொடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பல நாடுகளில் உயிர்க்காப்பாளர்கள் சிவப்பு-மஞ்சள் கொடி நட்டால் அங்கே காவல் இருக்கிறது, குளிக்கலாம் என்று பொருள்; முழுச் சிவப்பு ஆபத்து. அலங்காரத்தில் இந்த நிறக் கொடிகளைத் தவிர்த்து, கறுப்பு-வெள்ளையோடு நிறுத்துங்கள். கப்பலுக்கான சிவப்பு ஒளிக்குண்டை வேடிக்கைக்காகக் கொளுத்தவே கூடாது. அது ஆபத்து அறிவிப்பு. பார்த்தவர்கள் மீட்புப் படகைக் கிளப்பிவிடுவார்கள். பொம்மைத் துப்பாக்கி, வாள் பற்றி உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குழு விதிகளைக் கப்பல் சாசனமாக எழுதலாம். 1722-இல் இறந்த கடற்கொள்ளைத் தலைவன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் இப்படியொரு சாசனம் இருந்தது: ஆளுக்கு ஒரு வாக்கு, இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு. உங்கள் சாசனத்தில், கேட்காமல் படம் எடுப்பதில்லை, பிறர் உடையைத் தொடுவதில்லை, குடித்தவர் கடலில் இறங்குவதில்லை என்று எழுதி, வந்ததும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சண்டைக்கு நுரை வாள் மட்டும். ஒரு கண்ணை மூடினால் தூரம் கணிக்க வராது, ஆகவே சண்டையிலும் இருட்டிய பிறகும் கண்பட்டி கழன்றுவிட வேண்டும்.

தீ மூட்ட அனுமதி கிடைத்தால், பாலியஸ்டர் லேஸ் வைத்த சட்டைக்கையோடு யாரும் அருகில் உட்காரக் கூடாது; பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி, கம்பளி தேவலை. முடிந்ததும் கனலை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் அடியில் பல மணி நேரம் கொதிக்கும், காலையில் வெறுங்காலோடு வருபவர் மிதிப்பார். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கைக்குச் சூடே தெரியாத வரை செய்யுங்கள்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். கனத்த கோட்டு போடுபவர்களுக்கு இது அதிகமில்லை.

ஹாட் க்ளூவில் (உருக்கி ஒட்டும் பசை) ஒட்டிய பொருட்களை மூடிய காரில் வெயிலில் விட்டால் பசை இளகிப் பிரிந்துவிடும். அவற்றுக்கு கான்டாக்ட் சிமென்ட் (இரு பக்கமும் தடவி ஒட்டும் பசை) நல்லது. கிளம்பும் முன் பக்கிள், வாள்பிடி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து உலர்த்துங்கள். உப்பு காய்ந்தால் துரு ஏறும். பூட்ஸை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் தோல் வெடிக்கும்.